வன்னியின் பழைய வாகனங்களும் அவற்றின் ஒட்டுகளும்

பழைய லான்ட் றோவர் ஒன்றைப் புதுப்பிக்க முனைபவர் முதலிற் செய்யவேண்டியது அதன் அடியிலே மல்லாந்து படுப்பதாகும். வண்ணப் பூச்சும் இருக்கைத் துணியும் பிறகு வரட்டும். வாகனம் முழுவதையும் தாங்குவது ஏணி வடிவான இரும்புச் சட்டகம். கராஜ்காரர் அதனைச் 'செசி' என்பர். சிறு சுத்தியலால் அதைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருவேறிய இடம் மழுங்கிய ஓசை தரும். வன்னியில் ஓடித் தேய்ந்த வாகனமாயின், அங்கே ஒட்டின்மேல் ஒட்டாகப் பல தகடுகளையும் காணலாம். அத்தகடுகளுக்கு ஒரு சரித்திரமுண்டு.

அச்சரித்திரம் பஞ்சத்திலேதான் தொடங்குகிறது. அதுவும் பிரித்தானியாவின் பஞ்சத்தில்! உலகப்போர் முடிந்ததும் அந்நாட்டில் உருக்குக்குப் பங்கீடு நிலவியது. றோவர் கம்பனியின் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சி தீவிலிருந்த தமது பண்ணையில் அமெரிக்க இராணுவத்தின் பழைய வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அதனை முன்மாதிரியாகக் கொண்டு உருவான லான்ட் றோவர் 1948 ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்தது. உருக்கு அரிதாகையால் உடலை அலுமினியக் கலவையாற் செய்தனர். சட்டகத்தை வார்ப்பெடுக்கும் பாரிய அழுத்த இயந்திரங்களுக்குப் பணமில்லை. ஆகவே நான்கு தட்டைத் தகடுகளை விளிம்போடு விளிம்பாகப் பற்றவைத்துப் பெட்டி வடிவாக்கினர். பலமான அமைப்புத்தான். ஆயின் பெட்டிக்குள் புகுந்த சேறும் நீரும் எளிதில் வெளியேறா. வெளியே சுகமாய்த் தோன்றும் சட்டகத்தை உள்ளிருந்து துரு தின்னும்.

மாரியிற் சேறாகும் காட்டுப் பாதைகளும், முல்லைத்தீவுக் கரையின் உப்புக் காற்றும் இத்துருவுக்கு நல்ல விளைநிலம். 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலேயே, உதிரிப்பாகம் வாங்குவதைவிட உள்ளதைத் திருத்திக்கொள்வதே இலங்கையின் வழக்கமாயிற்று. வன்னி மக்களுக்கோ அதனிலும் கொடிய காலம் காத்திருந்தது.

1990இல் போர் மீண்டும் மூண்டதும் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, வாகன உதிரிப்பாகம் எனத் தடைப்பட்டியல் நீண்டது. வடக்குப் புகையிரதப் பாதையும் அவ்வாண்டிலேயே நின்றது. அதன் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குக் கூரையாயின. மண்ணெண்ணெய் மட்டும், அதுவும் அளவோடு, கிடைத்தது. அதனால் மோட்டார் ஓட்டக் கற்றனர் மக்கள். சிறிதளவு பெற்றோலை ஊற்றி எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது.

இதிலொரு நுட்பமுண்டு. மண்ணெண்ணெய் அதிக அமுக்கத்தைப் பொறுக்காது; எஞ்சின் 'நொக்' அடிக்கும். எனவே புதிய வாகனங்கள் முரண்டு பிடித்தன. அமுக்க விகிதம் குறைந்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், பழைய ஜீப் ஆகியவையே பணிந்தோடின. பிற நாடுகளில் நூதனசாலைக்குப் போகவேண்டிய வண்டிகள் இங்கே நோயாளரையும் நெல் மூடைகளையும் சுமந்தன. எஞ்சின் பழையதென்றால் அதைத் தாங்கும் சட்டகமும் பழையதே. அது முறிந்தால் மாற்றொன்றில்லை.

ஆகவே ஒட்டினார்கள். வேலையின் முறை எங்கும் ஒன்றே: வெட்டுமுன் சட்டகத்துக்கு முட்டுக்கொடுக்க வேண்டும், மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து இரண்டும் சமமாயிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், இல்லையேல் வண்டி நண்டுபோலச் சாய்ந்தோடும். துருவை முற்றாக அறுத்து, நல்ல இரும்பு தென்பட்ட பிறகே புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். பொருத்து நேர்குறுக்காயிராமல் சாய்வாயிருந்தால் பாரம் ஒரே கோட்டில் விழாது. ஆனால் மின்விநியோகம் அற்றுப்போன நாட்டில் பற்றவைப்பது எங்ஙனம்? ஜெனரேற்றருக்கும் எரிபொருள் வேண்டுமல்லவா? தகட்டுக்கு மாண்ட வண்டியொன்றை அறுக்க வேண்டியிருந்தது. பற்றவைக்க இயலாதபோது துளையிட்டு ஆணியால் இறுக்கினர். நூல்முறைப்படி பிழையான வேலைதான்; நூலெழுதியவர் தடைக்குள் வாழ்ந்தவரல்லர்.

2002 போர்நிறுத்தத்தின் பின் ஏ9 வீதி திறந்தது; 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடிற்று. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் மணற்பரப்பில் உழவு இயந்திரங்கள், லொறிகள், வான்கள், சைக்கிள்கள் ஆயிரக்கணக்கிற் கைவிடப்பட்டுக் கிடந்தன. அவற்றிற் பலவற்றைப் பின்னர் துருவும் பழைய இரும்பு வியாபாரமும் பங்கிட்டுக்கொண்டன.

எஞ்சியவற்றைத் தேடிப் புதுப்பிப்போர் உளர். அவர்கள் முதலில் அறுத்தெறிவது அந்த அவலமான தகடுகளைத்தான். 1948இன் வடிவத்துக்கு மீட்பதே அவர்களுக்கு உண்மையான மீட்பு. பாதுகாப்புக் கருதி அறுக்கத்தான் வேண்டும். உளுத்த சட்டகத்தில் எவரும் உயிரைப் பணயம் வைக்கலாகாது. ஆயினும், அறுக்குமுன் ஒரு புகைப்படமேனும் எடுத்து, எந்த வண்டியின் தகடு எந்த ஆண்டில் ஏறியதென ஓட்டியவரிடம் கேட்டெழுதி வைத்தாலென்ன? அந்தக் கராஜ்காரரிற் பலருக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது.