தேரிலிருந்து இறங்கிய சோமதேவி

தம்புள்ளை மகாராஜ குகைக்குள் நுழைபவர்களின் கண் புத்தர் சிலைகளில்தான் நிற்கும். அங்கே வலகம்பா என்னும் வட்டகாமணிக்கும் ஒரு சிலை உண்டு. தலைமறைவுக் காலத்தில் தன்னைக் காத்த குகைகளை, அரியணை மீண்டதும் அவன் கோயிலாக்கினான் என்பார்கள் மாத்தளைக்காரர்கள். அவன் காலத்தில் அலுவிகாரையில் திரிபிடகம் ஏடேறியதை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அவன் அரசி சோமதேவியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

கி.மு. 103. தமிழ்ப் படையிடம் தோற்ற வட்டகாமணி தேரேறி ஓடுகிறான். கூடவே இரண்டு அரசிகள், இரண்டு சிறுவர்கள். அரசிகளில் அனுலா கர்ப்பிணி. பாரம் தாங்காமல் தேர் தளர்கிறது. இன்னொருத்தி சோமதேவி, அரசன் கழற்றிக் கொடுத்த சூடாமணியை வாங்கிக்கொண்டு இறங்குகிறாள். கதை சொல்கிறவர்கள் இதைத் தியாகம் என்று கொண்டாடிவிடுவார்கள். அவள் சம்மதத்தோடுதான் அரசன் அவளை இறக்கிவிட்டான் என்கிறது மகாவம்சம். ஆனாலும் என்னால் அதை மன்னிக்க முடியவில்லை.

படையெடுத்து வந்த தமிழ்த் தலைவர்கள் ஏழு பேர். புலகத்தன் முதல் தாதிகன் வரை ஐவர், முன்னவனைக் கொன்று பின்னவனாக, அநுராதபுரத்தை ஆண்டார்கள். ஆறாமவன் சோமதேவிமேல் ஆசைகொண்டு, அரியணையை எட்டிப் பார்க்காமல் அவளோடு கடல் கடந்துவிட்டான். ஏழாமவன் புத்தரின் பிச்சைப் பாத்திரத்தோடு திரும்பினான். பெண்ணையும் பாத்திரத்தையும் நூல் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. முடியைவிட ஒரு சிங்கள அரசியைப் பெரிதாக நினைத்த அந்தப் பெயரில்லாத தமிழனைக் காதலனாக்க எந்த நாவலாசிரியருக்கும் கை துறுதுறுக்கும். நான் ஆக்கமாட்டேன். நூலில் இருப்பது அவன் ஆசை மட்டும்தான். அவள் மனம் அங்கே இல்லை. போரில் அகப்பட்டவளைத் தூக்கிப் போனதற்குக் காதல் என்று பெயர் வைக்கக் கூடாது, தூக்கிப் போனவன் நம் ஆளாகவே இருந்தாலும்.

பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் தாதிகனை வென்ற வட்டகாமணி, ஆளனுப்பி அவளை அழைத்துவரச் செய்தான். தீக்குளிக்கச் சொல்லவில்லை; பழையபடி அரசியாக்கினான். இந்த ஒன்றுக்காக அவனை நான் மதிக்கிறேன். அவள் பெயரால் சோமாராமம் என்ற விகாரையும் எழுப்பினான். அதற்கு நூல் சொல்லும் காரணம் விசித்திரமானது. அன்று தேரிலிருந்து இறங்கிப் பூத்த கடம்பம் புதருக்குள் ஒளிந்திருந்தபோது, சிறுநீர் கழிக்க ஒதுங்கிய ஓர் இளந்துறவி கையால் தன்னை மறைத்துக்கொண்ட அடக்கத்தை அவள் கண்டாளாம். அதை அவள் சொல்லக் கேட்டுத்தான் அரசன் அந்த இடத்தில் விகாரை கட்டினான். உயிருக்குப் பயந்து பதுங்கியிருந்த பெண் கண்ணில் பட்ட இந்தச் சின்னச் சங்கதியை எந்தப் புலவனும் கற்பனையில் எழுதியிருக்க மாட்டான். ஆகவே நம்புகிறேன்.

போரும் பஞ்சமும் பிக்குகளைச் சிதறடித்ததையும், வாய்மொழியாக வந்த போதனை ஏட்டுக்கு வந்ததையும் அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம். வட்டகாமணிக்குப் பிறகு முடிசூடியவன் மகாசூளி. அனுலாவின் மகன், அன்று தேரிலேயே இருந்த சிறுவர்களில் ஒருவன்.