ஈந்த சிறுநீரகமும் இழையத்தின் சான்றும்

பேராதனையில் மருத்துவ பீடம் 1962 ஆம் ஆண்டில் தோன்றியது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், இறந்தவரொருவரின் சிறுநீரகம் வேறொருவர்க்குப் பொருத்தப்பட்டு, மருந்தின் துணையால் ஓராண்டுக்கு மேல் இயங்கிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளும் தம்முள் தொடர்பற்றவை. ஆயினும், இன்று கண்டி வைத்தியசாலையிற் சிறுநீரகம் மாற்றப்பெறும் நோயாளியின் வாழ்வில் இரண்டின் பயனும் ஒன்றுகூடுகின்றன.

குருதிக்கலங்களைத் தைத்திணைக்கும் முறையை அலெக்சிஸ் கரல் 1902 இலேயே வெளியிட்டார். எனினும், செவ்வனே தைத்த உறுப்பும் சின்னாளில் அழிந்தது. குறை கைத்திறனில் இல்லை என்பதை 1940களில் ஆங்கில அறிஞர் மெடவார் தெளிவாக்கினார். ஒருவரிடமிருந்து ஒட்டிய தோலை உடல் ஒருமுறை ஒதுக்கிவிடின், அவரது தோலையே மறுமுறை ஒட்டும்போது அதனை முன்னிலும் விரைவாக ஒதுக்கிற்று. உடல் அயலானை நினைவில் வைத்திருந்தது. 1954 இல் பொஸ்டனில் ஒத்த இரட்டையரிடையே செய்த சிறுநீரக மாற்று வெற்றி பெற்றதும் இதனாலேயே. ஆண்டு அயன்மை இல்லை.

இப்போராட்டம் இழையத்தில் எழுதப்படுகின்றது. நிணநீர்க்குழியங்கள் சிறுநீரகச் சிறுகுழாய்களிடையே திரண்டு, அவற்றின் சுவரினுள்ளும் புகுகின்றன. சிலவேளை நாடிகளின் உட்படையையும் தாக்குகின்றன. பிறபொருளெதிரிகள் பகையாயின், மயிர்க்குழாய்களே முதலில் அழற்சியுறுகின்றன. ஆண்டுகள் கழியத் தழும்பு படிந்து, சிறுகுழாய்கள் சுருங்குகின்றன.

உயிரோடிருக்கும் நோயாளியிடம் ஊசியால் இழையத்துண்டு பெறும் முறையை டென்மார்க்கில் இவர்சனும் புருனும் 1951 இல் வெளியிட்டனர். ஆயினும், ஒரே துண்டை இருவர் இருவிதமாகப் படிக்கலாம். ஆதலின் 1991 இல் கனடாவின் பான்வ் நகரிற் கூடிய அறிஞர்கள், மாற்றங்களைப் படிப்படியாக மதிப்பிடும் பொது அளவுகோலை வகுத்து, 1993 இல் வெளியிட்டனர்.

இது வெறும் பெயர்சூட்டலன்று. நிராகரிப்பாலும் குருதியிற் கழிவு பெருகும். நிராகரிப்பைத் தடுக்கும் சில மருந்துகளின் நஞ்சாலும் பெருகும். முன்னதற்கு மருந்தைக் கூட்டல் வேண்டும். பின்னதற்குக் குறைத்தல் வேண்டும். பிழைபடப் படிப்பின், ஈந்தவரின் ஈகையே வீணாகும்.

இலங்கையில் 1985 இல் முதற் சிறுநீரக மாற்று நிகழ்ந்தது; 1987 இல் இழைய மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர், வடமத்திய மாகாணத்து உழவரை வருத்தும் சிறுநீரக நோயிற் சிறுகுழாய்களும் அவற்றிடை இழையமுமே முதன்மையாகச் சிதைவதை இழைய ஆய்வுகள் காட்டின. அவற்றிற் பேராதனை அறிஞரும் பங்குகொண்டனர். சத்திரவைத்தியரின் கரத்தைப் போற்றும் நாம், கண்ணாடித் தட்டில் அத்துண்டைப் பொறுமையுடன் படிக்கும் கண்ணையும் மறத்தலாகாது.