பிறந்ததற்கு ருசு

உயிரோடு ஒரு மனிதன் எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கையில், "நீ பிறந்தாய் என்பதற்கு ருசு எங்கே?" என்று கேட்பது விகடக் கதையில் வரும் அரசனுக்கே தகும் என்று நம்மவர் சிரிக்கலாம். நெகிரி செம்பிலான் தோட்டங்களிலே பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, அங்கேயே மூப்படைந்த தமிழர் பலர் சர்க்கார் முகப்புகளில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த கேள்வி இதுவேயாகும்.

இக்கேள்வியின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு முதலில் தென்படுவது ஒரு முரண். நம் முன்னோரைக் கொண்டுவந்த காலத்தில் காகிதத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1907-இல் குடியேற்ற நிதி ஏற்பட்டபின், ஆள் சேர்க்கும் கங்காணிக்கு லைசென்சு. அவன் சேர்த்த ஆளுக்குக் கிராம முன்சீப்பின் கையொப்பம். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம். கரையிறங்கியதும் நோய்த்தடுப்புக் கொட்டகை. தோட்டத்துக்கு வந்தபின்போ, விடியுமுன்னே பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, செக்ரோலில் கிராணி புள்ளியிடுவார். ஒருவன் ஒரு நாள் வராவிடில் அன்றே தெரிந்துவிடும். கூலியாக எண்ணியவரையில் ஆள் விடுபடாமற் பார்த்துக்கொண்டார்கள். குடியாக எண்ணவேண்டிய நாள் வந்ததும்தான் காகிதம் காணாமற்போயிற்று!

1948-இல் அவசரகாலம் பிறந்ததும் 12 வயதுக்கு மேற்பட்டோர் யாவருக்கும் அடையாளச் சீட்டு வழங்கப்பட்டது. அது காட்டிலுள்ள கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களிடமிருந்து குடிகளைப் பிரித்தறியும் பொருட்டு ஏற்பட்டதேயன்றி உரிமை தரும் பொருட்டன்று. 1957 ஆகஸ்டு 31-இல் நாடு சுதந்திரம் பெற்றபோது, இம்மண்ணில் பிறந்தோர் பிரஜைகளாகப் பதிந்துகொள்ள வழி திறந்தது. ஓராண்டுக்குள் மனுச் செய்வோர்க்கு மலாய்மொழி அறிவும் கேட்கப்படவில்லை. அந்த ஓராண்டு லயன் வீடுகளைத் தாண்டிப் போனது பலருக்குத் தெரியாது. ஒரு நாள் சிரம்பானுக்குப் போனால் ஒரு நாட்கூலி போயிற்று. ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற கனவும் இருந்தது. அசட்டை என்று இதனைச் சிலர் பழிப்பார்கள்; அரைவயிற்றுக் கூலிக்காரனுக்கு அசட்டையாயிருக்க நேரமேது?

தவறவிட்டவர் கையில் சிவப்பு அட்டை வந்தது. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பிரஜையல்லாதார்க்கு வேலைப் பெர்மிட் வேண்டுமென்றது. பிறந்த தோட்டத்திலேயே மரம் வெட்டச் சீட்டு வாங்கவேண்டிய நிலை கண்டு, பல்லாயிரவர் கண்டிராத "தாய்நாட்டுக்கு"க் கப்பலேறினர்.

இருந்தவர்களின் கதைக்கு வருவோம். 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பை 14 நாளுக்குள் பதியவேண்டும். 42 நாள் கடந்தால் தலைமைப் பதிவதிகாரியின் அனுமதி வேண்டும். நம் வீடுகளிலோ தீட்டுக் கழியும் முப்பது நாள்வரை பிள்ளைக்குப் பெயரே இல்லை! தாயைத் தீட்டென்று மூலையில் உட்காரவைத்த மூடப்பழக்கம், பிள்ளையின் பிரஜா உரிமைக்கும் உலைவைத்ததை நம் பெரியோர் நினைத்தும் பார்த்திரார். அந்த 14 நாளை 60 நாளாக நீட்டிய திருத்தம் 2017-இல்தான் வந்தது. பதிந்தாலும் பெயர்ச் சங்கடம். பெருமாள் என்பதை ஒரு கிராணி ஓரெழுத்துக் கூட்டியும், மற்றொருவர் குறைத்தும் ரோமன் எழுத்தில் எழுதிவைக்க, பத்திரத்திலுள்ள பெருமாளும் அட்டையிலுள்ள பெருமாளும் இருவேறு ஆட்களாகிவிடுவர்.

இங்கேதான் சக்கரம் சுழலத் தொடங்குகிறது. பிறப்புப் பத்திரம் இல்லாதவளுக்கு அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாதவள் திருமணத்தைப் பதியமுடியாது. 1982 மார்ச் 1 முதல் பதிவில்லாத மணம் சட்டத்தின் கண்ணில் மணமன்று. கோயிலில் ஊர் கூடி வாழ்த்தியிருந்தாலும் சரி, சீர்திருத்த முறையில் மாலை மாற்றியிருந்தாலும் சரி. (புரோகிதர் வேண்டாமென்று துணிந்த நம் தோழர்களிற் சிலர் பதிவாளரையும் சேர்த்து விலக்கிவிட்டது பரிதாபமே.) அம்மணத்திற் பிறந்த பிள்ளை முறையற்ற பிள்ளை. அப்பிள்ளை விஷயத்தில் அரசியற் சாசனத்தின் இரண்டாம் அட்டவணை, 3-ஆம் பகுதி, 17-ஆம் பிரிவு கூறுவது யாதெனில், "தந்தை" என்று வருமிடத்தில் "தாய்" என்று பொருள்கொள்ளவேண்டும் என்பதே. தகப்பன் நீல அட்டைக்காரனாய், பிள்ளையைத் தோளிற் சுமந்து அதே முகப்பில் நிற்கலாம். கணக்கில் அவன் தாயாக மாறிவிடுகிறான். தாய்க்கோ காகிதமில்லை. ஆகவே தாயின் இன்மை பிள்ளைக்குச் சீதனமாகிறது. அப்பிள்ளை பெண்ணானால், சக்கரம் இன்னொரு சுற்றுச் சுற்றும்.

இப்பிரிவு தோட்டத்தாரை மட்டும் வாட்டுவதன்று. மலேசியத் தந்தைக்கும் பிலிப்பைன்ஸ் தாய்க்கும் மணத்துக்குமுன் அந்நாட்டிற் பிறந்த ஒரு பிள்ளை, பெற்றோர் பின்னர் மணந்துகொண்டபோதிலும் பிரஜையன்று என 2021 மே மாதத்தில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் எழுவரில் நால்வர் அவ்வாறு கூற, மூவர் மறுத்தனர். ஒரு நீதிபதியின் கருத்தில் தொங்கிற்று ஒரு குழந்தையின் நாடு.

சர்க்கார் வாளாவிருந்ததென்றும் கூறுவதற்கில்லை. 2011-இல் பத்திரமற்ற இந்தியரைத் தேடிப் பதியும் மைடாப்தார் இயக்கம் நடந்தது. 2018-இல், 60 வயதைக் கடந்த சிவப்பு அட்டை இந்தியர் 3,407 பேருக்குப் பிரஜா உரிமை என்று அறிவிப்பு வந்தது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் பெர்மிட் கேட்ட 1968-இல் அவர்களில் மிக இளையவர் பத்து வயதுப் பிள்ளை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பிள்ளைப் பிராயத்திற் கிட்டாதது பேரப்பிள்ளை காணும் வயதில் கிட்டிற்று.

சிவப்பு அட்டைக்காரர்க்கு இருந்த ஒரே ஆறுதல் 1962-ஆம் ஆண்டுத் திருத்தம். பெற்றோரில் ஒருவர் பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், இங்கே பிறக்கும் பிள்ளை தானாகவே பிரஜை என்று அது கூறிற்று. தன் அட்டை சிவப்பானாலும் பிள்ளையின் அட்டை நீலமாகும் என்று அவர்கள் நம்பியிருந்தனர். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம், அயல்நாட்டிற் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்க்கு நீதி வழங்கிற்று. அதே மசோதா, "நிரந்தரவாசி" என்னும் அந்தச் சொல்லை அவ்விதியிலிருந்து எடுத்துவிட்டது.