கம்பளியும் அணிவகுப்பும்



சில ஆண்டுகளின் முன், மார்கழி மாதத்து மாலைப்பொழுது ஒன்றில், வத்தளையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வாழும் அம்மையார் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகன் இராணுவ அதிகாரிப் பயிற்சியை முடித்து வெளியேறும் விடுகை அணிவகுப்புக்கு அழைப்பு வந்திருந்தது. "சேர், தியத்தலாவையில் மெய்யாகவே அவ்வளவு குளிரோ? என்னத்தை உடுத்துக்கொண்டு போவது?" என்பது அவர் கேள்வி. வரலாறு கற்பிப்பவனிடம் உடையைப் பற்றிக் கேட்டால் வரலாறுதானே விடையாக வரும்! அன்று அவருக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்லுகிறேன்.

களனி ஆற்றின் வடகரையில், கடற்காற்றிலும் புழுக்கத்திலும் வாழும் எமக்குக் கம்பளி என்பது அலுமாரியின் அடித்தட்டில் பூச்சி உருண்டையோடு உறங்கும் பொருள். தியத்தலாவையோ கடல்மட்டத்துக்கு 4000 அடிக்கு மேற்பட்ட ஊவா மலைநாட்டு ஊர். மார்கழி, தை மாதங்களில் அங்கே வடகீழ்ப் பருவமழையும் மூடுபனியும் கூடிவரும். இரவில் வெப்பநிலை 15 பாகைக்குக் கீழே இறங்குவதுண்டு.

படைவீரர் பயிற்சிக்கு இக்குளிர்ந்த இடம் வாய்த்தமைக்கு ஒரு பழங்கதை உண்டு. 1894-இல் மலைநாட்டுப் புகையிரதப் பாதை தியத்தலாவையைக் கடந்து பண்டாரவளையை எட்டியது. ஆறு ஆண்டுகளின் பின், தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பட்ட போயர் கைதிகளைப் பிரித்தானியர் கப்பலேற்றி இலங்கைக்குக் கொண்டுவந்தபோது, அவர்களை அடைத்துவைக்கத் தேர்ந்தெடுத்த முதன்மையான இடம் தியத்தலாவை. ஏறத்தாழ 5000 பேர் அங்கே தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தனர். குளிர்நாட்டு உடலுக்கு ஏற்ற காற்று, படையினரைக் கொண்டுசெல்லப் புகையிரதம், சுற்றிலும் மலை, இம்மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் அது. வத்தளைக்கு அயலிலுள்ள ராகமையிலும் ஒரு சிறுமுகாம் இருந்தது. எங்கள் பகுதிப் புழுக்கத்தை அவர்கள் எவ்வாறு தாங்கினரோ! சிறைமுகாமாய்த் தொடங்கிய தியத்தலாவை பின்னர்ப் படைமுகாமாய் நிலைத்தது. 1950-இல் புதிய இலங்கைப் படையின் பயிற்சி நிலையமும் அங்கேயே அமைந்தது.

ஆயினும் அதிகாரிகளை உருவாக்கும் பயிற்சி உடனே அங்கு தொடங்கிவிடவில்லை. 1949-ஆம் ஆண்டு ஒக்தோபர் 10-ஆம் நாள் இலங்கை இராணுவம் தோன்றியபின், அதிகாரியாகவேண்டிய இளைஞர்களை இங்கிலாந்திலுள்ள சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரிக்கே அனுப்பினர். 1977-இற் படைத்தளபதியான டெனிஸ் பெரேரா அவ்வாறு சென்ற முதற்தொகுதியினருள் ஒருவர்.

அந்நாளில் சீமைக்குப் பெட்டி கட்டுவது ஒரு தனிக்கலை. கப்பற் பயணம் சூயெஸ் கால்வாய் வழியாக ஏறத்தாழ மூன்று வாரம். 'பயணத்தில் வேண்டாதது' என்று சீட்டு ஒட்டிய பெட்டி கப்பலின் அடித்தளத்துக்குப் போய்விடும். கரையேறும் வரை அதனைத் திறக்க இயலாது. செங்கடல் வரை பருத்தி போதும். போர்ட் செயிட் கடந்தபின் குளிர்காற்று வீசும். எனவே கம்பளிச் சட்டையொன்றை அறைக்குள் வைக்கும் பெட்டியின் மேற்புறத்தில் வைத்தல் வேண்டும். இதை அறியாமல் எல்லாக் கம்பளியையும் அடித்தளத்துக்கு அனுப்பிவிட்டால், மத்தியதரைக் கடலிலே பருத்திச் சட்டையோடு நடுங்கவேண்டியதுதான்.

விடுகை அணிவகுப்பு நாளிலே மகனைக் காணக் கடல்கடந்து செல்வது பெரும்பாலான பெற்றோருக்கு இயலாத காரியம். தாய் மடித்து வைத்த கம்பளியே அவளுக்குப் பதிலாக அங்கே சென்றது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சாண்ட்ஹர்ஸ்ட் அணிவகுப்பின் முடிவில் அதிகாரியொருவர் வெண்குதிரை மீதமர்ந்தவாறே பழைய கல்லூரியின் படிகளில் ஏறி உள்ளே செல்வார். 1926-இல் பிரௌனிங் என்னும் அதிகாரி தொடங்கிய வழக்கம் இது. மழையில் தம் புதுச் சீருடை நனையாதிருக்கவே அவர் அவ்வாறு உள்ளே புகுந்தார் என்றொரு கதை உண்டு. மெய்யோ பொய்யோ, உடையைக் காக்கும் கவலை தாய்மாருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அது நல்ல சான்று!

அண்டை நாட்டு வழக்கம் வேறு. டேராடூனிலுள்ள இந்திய இராணுவக் கல்லூரி 1932-இல் 40 மாணவரோடு தொடங்கியது. பின்னாளில் இந்தியப் படையின் தலைவரான மானெக்ஷா அம்முதற்தொகுதியினர். அங்கே மார்கழி அணிவகுப்பு முடிந்ததும் பெற்றோரே மகனின் தோளில் நட்சத்திரத்தைப் பொருத்துவர். இமயத்தின் அடிவாரத்துக் குளிரில் கையுறையைக் கழற்றினாலன்றி அச்சிறு பொருளைக் கையாள முடியாது. விரல் விறைத்தாலும் எந்தத் தாய் அதைப் பிறர் கையில் விடுவாள்?

இலங்கைப் படையின் முதல் இலங்கையரான தளபதி ஒரு தமிழர். 1955-இற் பொறுப்பேற்ற அன்ரன் முத்துக்குமாரு அவர். அக்காலத்திற் கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்குப் படைத்துறை அந்நியமாய் இருந்ததில்லை. பின்வந்த பத்தாண்டுகளில் நிலை மாறியது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் தமிழ் வீடொன்றிலிருந்து இத்தகைய அணிவகுப்புக்குப் பெட்டி கட்டுவது மிக அரிதாயிற்று. அம்மையாரும் மகனுக்கு வந்த அழைப்பைப் பற்றி என்னிடம் தாழ்ந்த குரலிலேயே பேசினார். அதை விரித்துரைக்க இன்றைய நேரம் போதாது. சொல்லாமல் விட்டாலோ இது வரலாறாகாது.

1968-இல் அதிகாரிகளுக்கான பயிற்சி தியத்தலாவையிலேயே தொடங்கிற்று. 1981-இல் அந்நிலையம் இலங்கை இராணுவக் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. மகனுக்குக் கம்பளி கட்டி அனுப்பிய தாய், தானே அதனை அணிந்து மலையேறிச் சென்று அவன் நடந்துவரும் காட்சியைக் காணும் காலம் அவ்வாறு பிறந்தது.

எனவே அம்மையாருக்கு நான் சொன்ன யோசனை இதுதான். பட்டுச் சேலையை விடவேண்டாம். மகனுக்குரிய நாள் அது. ஆனால் உள்ளே பருத்திச் சட்டை, அதன்மேல் முழுக்கை இரவிக்கை, அதன்மேல் மெல்லிய கம்பளிச் சட்டை என அடுக்கி அணிக. கனத்த மேலங்கி ஒன்றைவிட மெல்லிய உடைகள் பல சிறந்தவை. அவற்றினிடையே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கும். வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். செருப்பு வேண்டாம், பனி படிந்த புல்லில் நடக்க மூடிய சப்பாத்தும் காலுறையும் வேண்டும். நனைந்தால் மாற்ற இன்னொரு சோடிக் காலுறை கைப்பையில் இருக்கட்டும். குடை, கோடாலித் தைலம், சுடுநீர்ப் போத்தலிற் கொத்தமல்லிக் குடிநீர். பெட்டியோ ஒரு கையால் தூக்கும் அளவினதாய் இருத்தல் நன்று.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். கம்பளிச் சால்வை மட்டும் அவரிடம் இல்லை. என் மனைவி தம்முடையதை எடுத்துக் கொடுத்தார். போய்வந்த கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். சால்வை இன்னும் திரும்பி வரவில்லை.