இழைத்த மரம்: கைரம்பம் முதல் கணிப்பொறி வரை

ஊரிலிருந்து உறவினர் வந்துவிட்டால் அவர்களை மைசூருக்கு அழைத்துச் செல்வது, கருநாடகத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் எழுதப்படாத சட்டம். அரண்மனையின் விளக்கொளியைக் கண்டு வியப்போர் பலர். அம்பா விலாச மண்டபத்தில் பிள்ளையார் சந்நிதிக்குத் திறக்கும் ஈட்டி மரக் கதவின் முன் நின்று, அதில் இழைத்துள்ள தந்த வேலைப்பாட்டைக் கூர்ந்து நோக்குவோர் மிகச் சிலர். 1897-இல் பழைய மர அரண்மனை தீக்கிரையான பின்னர் எழுந்து, 1912-இல் நிறைவுற்ற மாளிகை இது. திட்டம் வரைந்தவர் ஹென்றி இர்வின். நம் சென்னை உயர்நீதிமன்றக் கட்டடப் பணியை முடித்தளித்தவரும் அவரே. மரத்தை நெருப்புத் தின்ற இடத்திலேயே மரக்கலைஞனுக்கு மீண்டும் ஒரு கதவைக் கொடுத்தார்கள் என்பதை நான் எப்போதும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

'இழைத்தல்' என்னும் சொல்லை நம் மொழி மூன்று தொழில்களுக்கு வழங்குகிறது. தச்சன் இழைப்புளியால் பலகையை இழைக்கிறான். பாட்டி கல்லில் சந்தனம் இழைக்கிறாள். பொற்கொல்லன் அணியில் மணி இழைக்கிறான். மரத்துள் மரத்தைப் பதிக்கும் கலையில் இம்மூன்றும் ஒருங்கே நிகழ்கின்றன. பலகையைச் சீவி, குடைந்த குழியில் வேற்று நிற மரத்துண்டைப் பொருத்தி, இறுதியில் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து இரண்டையும் ஒரே தளமாக்க வேண்டும். கைவிரலால் தடவினால் எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பது தெரியலாகாது. ஆகவே இக்கலையின் வரலாறு முழுவதும் ஓர் இடைவெளியின் வரலாறுதான். குழிக்கும் துண்டுக்கும் இடையே கிடக்கும் அந்த மயிரிழை வெளியை மூடுவது எப்படி என்பதே ஒவ்வொரு காலத்துக் கலைஞனையும் வாட்டிய வினா.

வினா மிகப் பழையது. 1922-இல் கண்டறியப்பட்ட எகிப்திய மன்னன் துத்தன்காமனின் கல்லறையில் தந்தமும் கருங்காலியும் இழைத்த பேழைகள் கிடைத்தன. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் இக்கலை ஓவியத்தோடு போட்டியிட்டது. உர்பினோ நகரத்துக் கோமகன் பெதெரிகோவின் சிறு படிப்பறைச் சுவரில், பாதி திறந்த அலமாரிகளும் அவற்றுள் நூல்களும் இசைக்கருவிகளும் தெரிகின்றன. அருகே சென்றால் யாவும் தட்டையான மரத்துண்டுகள்! அவருடைய கூப்பியோ நகரத்துப் படிப்பறை இன்று நியூயார்க் பெருநகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆயினும் இடைவெளியை மூடுவதில் அறிவுக்கு விருந்தாகும் வழி பிரான்சில் வளர்ந்தது. பதினான்காம் லூயி மன்னனின் மரக்கலைஞர் ஆந்திரே சார்ல் பூல் (1642–1732), ஆமை ஓட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, நூல் போன்ற அலகுடைய ரம்பத்தால் இரண்டையும் சேர்த்தே அறுத்தார். மேலுள்ளதில் விழுந்த இலை கீழுள்ளதன் துளைக்குப் பொருந்தும். கீழுள்ளது மேலுள்ளதற்குப் பொருந்தும். ஒரே அறுப்பில் இரண்டு பலகைகள் கிடைக்கும். வீண் என்பது ரம்பத்தின் பல் தின்ற மட்டுமே.

அந்தப் பல் தின்ற அகலத்தையும் மூடுவதற்கு மரத்தகடு அறுப்போர் வேறோர் உபாயம் அறிந்திருந்தனர். ரம்பத்தைச் செங்குத்தாகப் பிடிக்காமல் சற்றே சாய்த்து அறுத்தால் துண்டின் விளிம்பு சரிவாகும். மேல்தகட்டுத் துண்டு கீழ்த்தகட்டுத் துளைக்குள் இறங்கும்போது ஆப்புப் போல் இறுகி நின்றுவிடும். தகடு ஒரு மில்லிமீட்டர் கனமும் ரம்பத் தடம் 0.2 மில்லிமீட்டர் அகலமும் ஆனால், ஏறத்தாழ பன்னிரண்டு பாகைச் சாய்வு போதும். கணிதம் இதை இன்று நிறுவிக் காட்டுகிறது. கலைஞனோ கைப்பழக்கத்தாலேயே கண்டுகொண்டான்.

மைசூருக்கு வருவோம். சீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கல்லறை மாடத்தில் டல்ஹௌசி பிரபு வழங்கிய தந்தம் இழைத்த கதவுகளைக் காணலாம். அரசர் ஆதரவும் மேற்குமலைக் காடுகளின் ஈட்டி மரமும் சேர்ந்து இத்தொழிலை இங்கே ஊன்றச் செய்தன. கன்னடத்தில் பீட்டே, நம் நீலகிரிப் பக்கத்தில் ஈட்டி, நூல்வழக்கில் தோதகத்தி. கருமையும் செம்மையும் கலந்த அந்த மரத்தின் மேல் தந்தத்தின் வெண்மை நிலவு போல் ஒளிர்ந்தது. அந்த நிலவு சட்டத்தால் மறைந்தது. 1986-இல் இந்திய யானைத் தந்த வணிகத்தையும், 1991-இல் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் காட்டுயிர்ச் சட்டத் திருத்தங்கள் தடை செய்தன. யானைக்கு நன்மை, கலைஞனுக்குத் திகைப்பு. தஞ்சாவூர் வீணைக்குத் தந்த அணி செய்தோரும் இதே திகைப்பை அறிவர். மைசூர்க் கலைஞர் வெள்ளை மரங்களையும் பிளாஸ்டிக்கையும் நாடினர். மஞ்சளுக்குப் பலா, கருமைக்குக் கருங்காலி என மரங்களின் இயற்கை நிறங்களைக் கொண்டே மாட்டுவண்டியும் ஆற்றங்கரையும் யானை ஊர்வலமும் தீட்டினர்.

இந்நிலையில் வந்து சேர்ந்ததே கணிப்பொறி ஆணைக்கு இயங்கும் ரவுட்டர். அதன் முன்னோரில் ஒருவரை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவார்கள். 1804-ஐ ஒட்டி பிரான்சில் உருவான ஜக்கார்டு தறி, துளையிட்ட அட்டைகளின் ஆணைப்படி இழைகளைத் தூக்கியது. காஞ்சிப் பட்டின் கரையில் அன்னமும் யானையும் நடப்பது அதனால்தான். அட்டைத் துளைக்கு அமெரிக்காவில் வேறொரு வேலை வாய்த்தது. ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவுகளைத் துல்லியமாக வெட்ட வழி தேடிய ஜான் பார்சன்ஸ், எண்களின் ஆணையால் இயந்திரத்தை நடத்தலாம் என்று கண்டார். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-இல், துளையிட்ட நாடாவின் ஆணையால் இயங்கும் உலோகம் வெட்டும் பொறியை இயக்கிக் காட்டினர். வானூர்திக்காகப் பிறந்த அந்த அறிவு, பொறிகள் சிறுத்து விலை இறங்கிய பின்னர், மரப்பட்டறைக்குள்ளும் நுழைந்தது.

பொறி எதையும் தப்பாமல் செய்துவிடும் என்று எண்ணுவோர் அதன் வேலையை ஒருமுறை அருகிருந்து காண வேண்டும். சுழலும் பிட் வட்டமானது. மூன்று மில்லிமீட்டர் பிட்டால் குழி குடைந்தால், உள்மூலை ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவாகவே நிற்கும். மாவிலையின் கூர்நுனிக்கு அங்கே இடமில்லை! துண்டின் நுனியை மழுக்க வேண்டும், அல்லது மனிதன் உளியெடுத்துக் குழியின் மூலையைச் செதுக்க வேண்டும். இதற்கு மாற்றாக ஆங்கில 'வி' எழுத்துப் போல் கூர்ந்த பிட்டை இட்டு, இலை ஒடுங்க ஒடுங்கப் பிட்டை மேலே ஏறச் செய்கிறார்கள். குழியின் சுவர் சரிவாகிறது. நுனியில் பிட்டின் முனை மட்டும் தொட்டுக் கூர்மை தருகிறது. பதிக்கும் துண்டைக் கண்ணாடிப் பிம்பமாக, அதே சரிவில் வெட்டி, கவிழ்த்து அழுத்தினால் ஆப்புப் போல் இறுகுகிறது. சுவர்கள் சந்திக்கும் முன் துண்டின் முகம் குழியின் அடியைத் தொட்டுவிட்டால் விளிம்பில் வெளி தெரியும். ஆகையால் அடியில் பசைக்கெனச் சிறிது இடம் விடுகிறார்கள். மேலே துருத்தி நிற்பதை அறுத்துத் தேய்த்துவிடுகிறார்கள்.

சாய்த்து அறுத்த பழைய ரம்பக்காரரின் சூத்திரமே இது. கணிப்பொறி அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை; விரைவாகச் செய்கிறது.

அந்த விரைவுக்கு விலை உண்டு. ரம்பம் மயிரிழை அகலத்தைத் தின்றது. ரவுட்டரோ துண்டைச் சுற்றியுள்ள மரம் முழுவதையும் தூளாக்குகிறது. விலை மலிந்த மரமானால் போகட்டும். ஈட்டி மரத்தைக் காக்கத் தமிழ்நாடு 1994-இல் தனிச் சட்டமே இயற்றியது; 2017 முதல் அதன் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வந்தது. இத்தகைய மரத்தைத் தூளாக்கி நேரத்தை மிச்சப்படுத்துவது என்ன கணக்கு? தகடாக அறுத்துக் கைரம்பத்தால் வெட்டுபவனே இங்கு சிக்கனக்காரன் என்பது என் கருத்து. அவனுக்குக் கிடைக்கும் கூலி மட்டும் அந்தச் சிக்கனத்தை மதிப்பதாகத் தெரியவில்லை. மைசூர் ஈட்டி மர இழைப்பு வேலை புவிசார் குறியீடு பெற்றுள்ளது. அது ஊரின் பெயரைக் காக்கும். ரம்பம் பிடிப்பவனின் பிள்ளை அதே பலகைமுன் அமர்வானா என்பதை அது காக்குமா? கணிப்பொறி வெட்டியதைக் கைவேலை என்று சொல்லி விற்போர் உள்ளவரை எனக்கு அதில் ஐயம்தான். பொறியால் வெட்டியது என்று சொல்லி விற்றால் குறை கூற ஒன்றுமில்லை.

பொறிக்கு எட்டாத மற்றொன்றும் உண்டு. மரம் வெட்டுண்ட பின்னும் காற்றின் ஈரத்தைக் குடித்து அகலும், வறண்டால் சுருங்கும். நார் ஓடும் வாக்கில் அம்மாற்றம் மிகச் சிறிது, குறுக்கே அதிகம். 0.1 மில்லிமீட்டருக்குத் துல்லியமாக வெட்டிய துண்டும் நாரின் திசையறியாமல் பதிக்கப்பட்டால் ஒரு மழைக்காலத்தில் முகத்தைக் காட்டிவிடும். எந்தப் பலாத்துண்டின் வரி அந்திவானமாகும், எந்த முடிச்சு யானையின் கண்ணாகும் என்று குவியலில் கிளறித் தேர்பவனும் மனிதனே.

நானே இதற்குச் சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகள் திருமணத்திற்கு இங்கிருந்து ஓர் இழைப்புப் பலகை வாங்கிச் சென்றேன். ஆற்றங்கரை, தென்னை, மேலே வெள்ளை மரத்தில் முழுநிலவு. பொறியில் வெட்டியது, விளிம்பில் ஊசிமுனை நுழையாது. நாகப்பட்டினத்தின் ஐப்பசி மழை ஒன்று கழிந்ததும் நிலவின் ஒரு பக்கம் எழும்பி நின்றது. அவ்வூர்த் தச்சர் ஒருவர் அதைப் பெயர்த்தெடுத்து, நாரின் திசையைப் பார்த்துத் திருப்பி வைத்து, விளிம்பைச் சற்றே சரிவாகச் சீவி, வச்சிரம் காய்ச்சி ஒட்டிக் கொடுத்தார். அரைமணி நேர வேலை. காப்பிக்கு மேல் எதுவும் வாங்க மறுத்துவிட்டார். பலகை இன்றும் அவர்கள் கூடத்தில் தொங்குகிறது.