கட்டிவைத்த கட்டடமும் வந்து சேர்ந்த வணிகரும்

அவிநாசியில் தொடங்கித் திருப்பூரின் நடுவே புகுந்து தெற்கே அவிநாசிபாளையத்தில் முடிகிற சாலைக்கு இன்று தேசிய நெடுஞ்சாலை 381 என்று பெயர். அதன் வடமுனையில் சேலத்திலிருந்து கொச்சி செல்லும் பெருவழி. தென்முனையில் கோவையிலிருந்து காங்கேயம், கரூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் சாலை. முப்பது கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள இந்தக் கோட்டின் இருபுறமும் பரந்த ஊர்களிலிருந்துதான் இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் புறப்படுகிறது. 2024-25 நிதியாண்டில் அதன் மதிப்பு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்.

இந்த வட்டாரத்தில் தொழில் குறித்த கூட்டம் எது நடந்தாலும் ஒரு கேள்வி தவறாமல் எழும்: வெளிநாட்டு நிறுவனங்களை இங்கே வரவழைக்க என்ன செய்யவேண்டும்? அதற்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரு கட்டடம். கண்காட்சி வளாகம், ஆடைப் பூங்கா, தகவல் தொழில்நுட்பப் பூங்கா என்று காலத்துக்கேற்பப் பெயர் மாறும். நிலம், மின்சாரம், தண்ணீர், கூரை எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்துவிட்டால் வருகிறவன் பெட்டியோடு வந்து உட்கார்ந்துவிடுவான் என்பது அடிப்படை நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. திருப்பூருக்கு வேறொரு வரலாறு உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய கதையிலிருந்தே தொடங்கலாம். அவிநாசிபாளையத்துக்கு அதிகத் தொலைவில் இல்லாத படியூரில் நீலப்பச்சை நிறப் பெரில் கற்கள் கிடைத்தன. நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணலில் கல்மணிகள் அறுத்துத் துளையிடப்பட்டதற்கும் இரும்பு உருக்கப்பட்டதற்கும் அகழாய்வில் சான்றுகள் கிடைத்துள்ளன. பதிற்றுப்பத்து பேசும் கொடுமணம் இதுவே என்பது அறிஞர் துணிபு. கொங்கு நாட்டில் வெள்ளலூரிலும் கத்தாங்கண்ணியிலும் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. யவனருக்காக இங்கே யாரும் மாளிகை எழுப்பிக் காத்திருந்ததாகத் தெரியவில்லை. கல் இருந்தது, அதை அறுக்கத் தெரிந்த கை இருந்தது, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கடற்கரைக்குப் பாதை இருந்தது. காசு தானே வந்தது.

கட்டடம் கட்டி வணிகரை அழைக்கும் முறை மிகப் பிந்தியது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஷானன் என்றொரு விமான நிலையம் உண்டு. அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப அங்கே இறங்கிச் செல்லும். ஜெட் விமானங்கள் வந்ததும் இறங்கவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. ஊர் பிழைக்க வழி தேடிய பிரெண்டன் ஓரீகன் என்பவரின் முயற்சியில் 1959இல் அங்கே வரியில்லாத் தொழில் மண்டலம் ஒன்று உருவானது. ஆள் வருவதற்கு முன்பே தொழிற்கூடங்களைக் கட்டி வாடகைக்கு வைத்தார்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தன. உலகமே வந்து பார்த்தது. பின்னாளில் சீன அதிபரான ஜியாங் செமின் 1980இல் அங்கு சென்று கற்றுத் திரும்பியவர்களில் ஒருவர். இந்தியா 1965இலேயே காண்ட்லாவில் ஏற்றுமதி மண்டலம் தொடங்கிவிட்டது. சென்னைக்கருகே தாம்பரம் மண்டலம் 1984இல் வந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இலங்கையின் கட்டுநாயக்க. 1978இல் பெருங்கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு அமைக்கப்பட்டு, விமான நிலையத்தை ஒட்டியே சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. ஆடை இறக்குமதிக்கு மேலைநாடுகள் அன்று நாட்டுவாரியாகக் கோட்டா வைத்திருந்தன. தங்கள் கோட்டா தீர்ந்துபோன ஹாங்காங் உற்பத்தியாளர்களுக்கு இலங்கையின் கோட்டா தேவைப்பட்டது, ஆகவே வந்தார்கள். கிராமங்களிலிருந்து பல்லாயிரம் இளம்பெண்கள் வந்து வலயத்தைச் சுற்றியிருந்த சிறு அறைகளில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். கூடங்களை அரசு கட்டியது. தொழிலாளர் தங்க இடம் கட்டுவது யார் பொறுப்பிலும் இருக்கவில்லை.

அதே 1978இல்தான் திருப்பூருக்கு வெரோனா வந்தார். இத்தாலிய ஆடை இறக்குமதியாளரான அவர் வெள்ளை டி-சர்ட்டுகள் வாங்குவதற்காக மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக இந்த ஊரை வந்தடைந்தார் என்பது திருப்பூரின் தொழில் வரலாற்றில் எல்லோரும் சொல்லும் தொடக்கம். மூன்றாண்டுகள் கழித்து சி அண்டு ஏ போன்ற ஐரோப்பியக் கடைத்தொடர்கள் வந்தன. அவர்களுக்காக எந்தக் கட்டடமும் காத்திருக்கவில்லை. விமான நிலையம் கோவையில், துறைமுகம் தூத்துக்குடியில்.

பின் எதற்காக வந்தார்கள்? இந்த ஊரில் 1920களிலிருந்தே பனியன் கம்பெனிகள் இருந்தன. ஒரு பனியன் உருவாகத் தேவையான ஒவ்வொரு வேலைக்கும் இங்கே தனித்தனிப் பட்டறை உண்டு. நிட்டிங் ஓரிடம், சாயமும் பிளீச்சிங்கும் ஓரிடம், காம்பாக்டிங் மற்றோரிடம். காஜா பட்டன், எம்பிராய்டரி, பிரிண்டிங் எல்லாம் ஜாப் ஒர்க். பத்து மெஷின் வைத்திருப்பவர் பத்தாயிரம் பீஸ் ஆர்டரைத் துணிந்து எடுக்க முடிந்ததற்குக் காரணம், மீதி வேலையைச் செய்ய அடுத்த தெருவில் ஆள் இருந்ததுதான். ஆர்டர் கூடினால் ஊரே ஒரு தொழிற்சாலையாகும். குறைந்தால் அவரவர் பட்டறை அவரவர்க்கு. நூல் கடனுக்கு வரும், கூலி சனிக்கிழமை பட்டுவாடா ஆகும். நிலத்தை விற்றோ அடகு வைத்தோ தொழிலுக்கு வந்த விவசாயக் குடும்பங்களும், டெய்லராகத் தொடங்கி முதலாளியானவர்களும் சேர்ந்து பின்னிய வலை இது. வெரோனா கண்டுகொண்டது இந்த வலையைத்தான்.

வெளிநாட்டு நிறுவனம் இங்கே வாங்குபவனாக மட்டுமே வந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். பின்னலாடை நெடுங்காலம் சிறுதொழிலுக்கென ஒதுக்கப்பட்ட பொருள். இயந்திரங்களில் இடக்கூடிய முதலீட்டுக்கு உச்சவரம்பு இருந்தது. சிறுதொழில் நிறுவனமொன்றில் 24 சதவீதத்துக்கு மேல் மற்றொரு நிறுவனம், உள்நாட்டதோ வெளிநாட்டதோ, பங்கு வைத்தால் அந்தத் தகுதியே போய்விடும். பின்னலாடைக்கான ஒதுக்கீடு நீங்கியது 2005இல்தான். ஆகவே திருப்பூரின் முதல் கால் நூற்றாண்டு ஏற்றுமதி, வெளிநாட்டு முதலாளி இல்லாமல் வெளிநாட்டு வாடிக்கையாளரை மட்டும் நம்பி நடந்தது. லாபம் பெரும்பாலும் ஊரிலேயே தங்கியது. நட்டமும்தான்.

கட்டடங்களின் காலம் 1990களில் தொடங்குகிறது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. அவிநாசிச் சாலையில் பழங்கரையில் பின்னலாடைக் கண்காட்சி வளாகம் எழுந்தது. ஐரோப்பிய வர்த்தகர்களைத் தேடி ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் மாதிரித் துணிகளோடு போய்க்கொண்டிருந்தவர்கள், இனி அவர்களையே இங்கு வரச்செய்யலாம் என்று எண்ணினார்கள். ஆண்டுக்காண்டு கண்காட்சிகள் நடந்தன, வர்த்தகர்களும் வந்தார்கள்.

அடுத்தது ஆடைப் பூங்கா. 2005 ஜனவரி முதல் நாளோடு உலக ஆடை வணிகத்தில் கோட்டா முறை முடிவுக்கு வரும் என்பது முன்னரே தெரிந்திருந்தது. பெரிய கூடங்களில் ஆயிரக்கணக்கானோரை வைத்துத் தைக்கும் சீனாவோடு நேருக்கு நேர் மோதவேண்டும் என்ற அச்சம் எங்கும் பரவியது. மத்திய அரசு 2002இல் ஆடைப் பூங்காக்களுக்கான திட்டத்தை அறிவித்தது. அப்படி வந்ததுதான் பெருமாநல்லூர்ப் பக்கம் நியூ திருப்பூரில் இருக்கும் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா. அகலச் சாலை, தடையற்ற மின்சாரம், ஒரே கூரையின்கீழ் வரிசை வரிசையாக மெஷின்கள். அங்கே குடியேறியவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் உள்ளூர் ஏற்றுமதியாளர்களே. வெளிநாட்டு நிறுவனம் வந்து தொழில் நடத்துவதற்காக என்பதைவிட, வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்து பார்ப்பதற்காக என்று சொல்வதே அதன் பயனைச் சரியாகக் குறிக்கும். வெளிச்சம், அவசர வழி, கழிப்பறை, குழந்தைத் தொழிலாளர் இல்லை என்ற சான்று முதலியவற்றையெல்லாம் மேலைக் கடைத்தொடர்கள் நிபந்தனையாக்கிய காலம் அது. தணிக்கைக்கு வருபவரைச் சந்துக்குள் இருக்கும் பட்டறைக்கு அழைத்துச் செல்ல முடியாது. அதனால் தொழிலாளிக்குக் கிடைத்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆர்டரின் ஒரு பகுதி பூங்காவிலும் மறுபகுதி பழைய சந்துகளிலுமாகவே வேலை தொடர்ந்தது. தணிக்கையாளரின் பார்வை கதவு வரை போகும். கதவுக்கு வெளியே ஓடுகிற கழிவுநீரின் பின்னால் அது போகவில்லை.

இங்கேதான் இந்த வரலாற்றின் கசப்பான பகுதி வருகிறது. ஒருவர் தனியாகக் கூரை போட்டுக்கொள்ளலாம், மெஷின் வாங்கிக்கொள்ளலாம். நதியைத் தனியாக யாரும் வைத்துக்கொள்ள முடியாது. சாயப்பட்டறைகளின் உப்பும் நிறமும் நொய்யலில் கலந்தன. பாசனத்துக்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. தண்ணீர் திறந்துவிடுங்கள் என்று உழவர் போராடுவது நம் நாட்டில் வழக்கம். தயவுசெய்து திறக்காதீர்கள் என்று உழவர் மன்றாடிய அணை இது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2006இல் உயர்நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழக்கூடாது என்று கெடு விதித்தது. 2009இல் உச்சநீதிமன்றமும் உழவர்களின் பக்கம் நின்றது. உத்தரவுகள் நிறைவேறாத நிலையில் 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடும்படி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. பூங்காவின் வரிசை மெஷின்களும் சந்தின் நான்கு மெஷின்களும் அன்று ஒன்றுபோலவே நூலுக்குச் சாயம் இல்லாமல் காத்திருந்தன.

தண்ணீரைக் கொண்டுவருவதற்கும் இதேபோல் ஒரு பெருங்கட்டுமானம் உண்டு. 1995இல் தமிழக அரசு, ஏற்றுமதியாளர் சங்கம், ஐ.எல். அண்டு எஃப்.எஸ். ஆகியவை சேர்ந்து அமைத்த நியூ திருப்பூர் வளர்ச்சிக் கழகம், பவானிக்கருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டத்தை ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு நிறைவேற்றியது. 2005இல் தண்ணீர் வரத் தொடங்கிற்று. தொழிற்சாலைகள் தரும் உயர்ந்த விலையில் வீடுகளுக்கும் ஊராட்சிகளுக்கும் குறைந்த விலையில் நீர் வழங்குவது கணக்கு. 2011க்குப் பிறகு சாயப்பட்டறைகள் கழிவைச் சுத்திகரித்து அதே நீரை மீண்டும் பயன்படுத்தத் தொடங்கின. நதிக்கு அது நல்லது. தண்ணீர் விற்கும் கழகத்துக்கு அடி. உள்ளே வரும் நீரையும் வெளியே போகும் நீரையும் ஒரே கணக்காகப் பார்த்திருந்தால் இந்த முரண் வந்திருக்காது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கோ இரண்டு கணக்கிலும் பங்கில்லை. அவர் வாங்கியது நிறம். நிறத்தின் உப்பு இங்கேயே தங்கிவிட்டது.

வெளிநாட்டு நிறுவனம் கட்டடத்துக்குள்ளேயே வந்து உரிமையாளராக அமர்ந்த ஊர்களின் அனுபவம் என்ன? ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பர் முதல் நாள் ஆலை நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள், இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கட்டடம் சில ஆண்டுகள் பூட்டிக் கிடந்து பின்னர் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. திருப்பூரிலும் வாடிக்கையாளர்கள் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் போனதுண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள்மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது ஆர்டர்கள் நின்றன. ஆனால் ஒரு வாடிக்கையாளர் போனால் ஊர் மொத்தமும் பூட்டப்படுவதில்லை. மெஷின் இங்கிருப்பவருடையது, தொழில் தெரிந்த கை இங்கிருக்கிறது.

இன்று அவிநாசிச் சாலையிலேயே திருமுருகன்பூண்டியில் சிறிய டைடல் பூங்கா ஒன்று எழுந்திருக்கிறது. விருதுநகர் மாவட்டம் இ. குமாரலிங்கபுரத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா 2023இல் அறிவிக்கப்பட்டது. சேரமான் பெருமாள் தந்த பொன்னோடு திரும்பிய சுந்தரர் அதைப் பறிகொடுத்ததும், பதிகம் பாடி மீட்டதும் இதே திருமுருகன்பூண்டியில்தான் என்பது தலபுராணம். மேற்கிலிருந்து வந்த செல்வம் இங்கே தங்குமா என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிதல்ல.

கட்டடங்கள் வேண்டாம் என்பதல்ல என் வாதம். எதைக் கட்டுவது என்பதே கேள்வி. தனி முதலாளி தானே கட்டிக்கொள்ளக்கூடிய கூடத்தைப் பொதுப்பணத்தில் கட்டிவிட்டு, அவர் ஒருபோதும் தனியாகக் கட்டமுடியாதவற்றை விட்டுவிடுவது இத்தகைய திட்டங்களில் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தொழிலாளர் குடியிருப்பு, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி, இரவு ஷிப்ட் முடிந்து போகும் பெண்ணுக்குப் பேருந்து என்று அந்தப் பட்டியல் நீளும். கட்டுநாயக்கவின் சிறு அறைகளும் ஒரத்துப்பாளையத்தின் உப்பும் கற்றுத்தருவது இதையே. தெற்கே அவிநாசிபாளையம் சந்திப்பைச் சுற்றி இன்னும் தென்னந்தோப்பும் சோளக்காடும் மிச்சமிருக்கின்றன. சாலை அகலப்பட்டால் பூங்கா ஒன்று அங்கும் வரக்கூடும். வரும்போது, யார் வந்து அமரப்போகிறார்கள் என்பதோடு, அவர்கள் எழுந்துபோன பிறகு ஊரில் எஞ்சப்போவது என்ன என்பதையும் வரைபடத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.