தோல் உள்ளே, ஆள் வெளியே

1

2018 ஜனவரி 6ஆம் தேதி, சென்னை கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெய்ன் பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு. 19 பேர். ஒரு பக்கம் கிடாரும் டிரம்ஸும். இன்னொரு பக்கம் பறை, சட்டி, கட்டமேளம். கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில். கூட்டத்தில் நானும் நின்று கத்தினேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மங்கலம்பேட்டைக்குத் திரும்பியதும் பெரியப்பாவிடம் செல்போனில் அந்தக் காட்சியைக் காட்டினேன். விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், வாலிபத்திலேயே பறையைக் கீழே வைத்தவர்களில் அவரும் ஒருவர். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூன்று கேள்வி கேட்டார்.

'யாருடா தம்பி கூப்ட்டு அடிக்கிறாங்க? கூலி எவ்ளோ, யாரு குடுக்கறா? நாளைக்கு வரலன்னா உட்டுடுவாங்களா?'

அப்போது எனக்கு இது கிழவரின் பழைய பயம் என்று தோன்றியது. பயமில்லை, ஒரு வரலாற்று முறையியலே அதில் இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. நாட்டார் இசையும் ராக்கும் கலந்த நம் குழுக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒலியின் வரலாற்றை எழுதுகிறோம்: எந்த வாத்தியம், எந்த தாளம், யார் பாதிப்பு என்று. பெரியப்பா கேட்டது ஒலியின் வரலாறு அல்ல, அழைப்பின் வரலாறு.

2

எங்கள் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். பெரியபுராணத்தில் ஆதனூர் நந்தனாரின் தொழிலைச் சேக்கிழார் தெளிவாகச் சொல்கிறார். கோயில் பேரிகைகளுக்குப் போர்த்துகிற தோலும் இழுத்துக் கட்டுகிற வாரும் கொடுப்பவர் அவர். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுப்பவரும் அவரே. அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் போய் முழங்கியது. நரம்பு சன்னிதியில் இசைத்தது. ஆள் மட்டும் வெளியே நின்றார்; சிதம்பரத்தில் தீக்குள் இறங்கி வேறு உடம்போடு வந்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. பக்தி இலக்கியத்தை எப்படி வேண்டுமானாலும் வாசியுங்கள். ஒலியை எடுத்துக்கொண்டு ஒலிக்குக் காரணமானவனை விலக்கி வைக்கும் ஏற்பாடு, சோழர் காலப் பிரதி ஒன்றிலேயே இவ்வளவு வெளிப்படையாகப் பதிவாகியிருக்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம்.

கிராமத்தில் பறை 'கலை'யாக இருந்ததே கிடையாது. சாவு விழுந்தால் அடி, திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் அடி, ஊருக்குச் சேதி என்றால் தெருத்தெருவாகப் போய் அடி. கூப்பிட்டால் போயாக வேண்டும். கூலி என்பது சோறு, சாராயம், கொஞ்சம் நெல். ஆண்டை வீட்டுச் சாவில் ராத்திரி முழுக்க அடித்தவர்களின் சொந்த வீட்டிலேயே அன்று காரியம் இருந்திருக்கலாம். அதை யாரும் கேட்கப்போவதில்லை. வாத்தியத்தின் பெயர் சாதியின் பெயராகி, அந்தப் பெயர் ஆங்கில அகராதியில் 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் ஏறியது.

இதனால்தான் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரங்களில் எல். இளையபெருமாள் முன்னெடுத்த போராட்டங்களில் பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்பது மையமான முழக்கமாக இருந்தது. தீண்டாமையை ஆராய மத்திய அரசு 1965இல் அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்று, 1969இல் அறிக்கை கொடுத்தவர் அவர். பறையை நிறுத்துவது பண்பாட்டு இழப்பு என்று அன்றைக்கு யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அடிமை முறியை யாராவது அருங்காட்சியகத்துக்காகப் பத்திரப்படுத்துவார்களா?

எங்கள் காலனியில் பறையை விட்டவர்கள் இசையை விடவில்லை. காசு போட்டு பேண்டு செட் வாங்கினார்கள். சைடு டிரம், கிளாரினெட், டிரம்பெட், தோளில் ஜரிகை வைத்த சட்டை. வாசித்தது சினிமாப் பாட்டு. கையில் இருந்தது தோல் அல்ல என்பதும், முன்பணம் வாங்காமல் வண்டி ஏறமாட்டோம் என்பதும்தான் அவர்கள் செய்த புரட்சி. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் இந்த பேண்டு செட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'தூய்மை' கெட்டுப்போனதாம்! என்னைக் கேட்டால் எங்கள் ஊரின் முதல் நவீன இசைக்குழு அதுதான்.

3

'ஃபோக் ராக்' என்ற சொல் வந்த இடத்தையும் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தில் செசில் ஷார்ப் 1903இல் சாமர்செட் கிராமம் ஒன்றில் தோட்டக்காரர் பாடிய பாட்டைக் கேட்டு எழுதிக்கொண்டதிலிருந்து அவருடைய சேகரிப்பு தொடங்கியது. அவர் பெயரிலேயே லண்டனில் ஆவணக் காப்பகம் எழுந்தது. ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழு அந்த மாதிரி பழைய கதைப்பாட்டுகளை எடுத்து, எலெக்ட்ரிக் கிடார் சேர்த்து, 1969இல் 'லீஜ் அண்ட் லீஃப்' தொகுப்பை வெளியிட்டது. 1982இல் லண்டனில் உருவான 'தி போக்ஸ்' குழு அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் பாட்டை பங்க் வேகத்தில், மதுக்கடைகளில் பாடி வளர்ந்தது.

அங்கே 'பப்' என்பது உழைக்கிறவன் சாயங்காலம் உட்காரும் இடம். பாடுகிறவனும் குடிக்கிறவனும் ஒரே ஜனம். வர்க்க இழிவு அங்கேயும் உண்டு. ஆனால் பிடில் வாசித்ததற்காக ஒருவனின் பேரப்பிள்ளை வரைக்கும் தீட்டு ஒட்டிக்கொள்ளவில்லை. ஆகவே அவர்களுக்குப் 'பழைய பாட்டுக்குத் திரும்புவது' எளிது. நமக்கு எந்தப் பழசுக்குத் திரும்புவது என்பதே தகராறு.

இங்கே மதுக்கடையின் கதையும் வேறு. கள்ளுக்கடை ஒரு காலத்தில் பாட்டும் பேச்சும் வம்பும் நடந்த இடம். 1987இல் எம்.ஜி.ஆர். ஆட்சி கள்ளுக்குத் தடை போட்டது. கள் இறக்குவது இன்றைக்கும் குற்றம்தான். 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையையும் அரசின் கையில் வைத்திருக்கிறது. பாட்டில் வாங்கு, குடி, வெளியே போ. பாட்டுக்கு அங்கே இடமில்லை. மதுக்கடையைப் பற்றிப் பாடியதற்கு என்ன கிடைக்கும் என்பதையும் பார்த்தோம்: டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன், 2015 அக்டோபர் 30ஆம் தேதி ராஜத்துரோக வழக்கில் கைது செய்யப்பட்டார். நம் 'பப் பாடக'னுக்குக் கிடைத்த மேடை சிறைதான்.

4

இந்த இரண்டு மூடல்களுக்கும் நடுவில், 1990களில், பறை இன்னொரு வழியாகத் திரும்பி வந்தது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த தலித் எழுச்சியில், மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, கர்நாடக இசையும் மேற்கத்திய கீர்த்தனையும் ஆண்டுகொண்டிருந்த தேவாலயத்துக்குள் நாட்டார் மெட்டையும் பறையையும் கொண்டுபோனார். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு, அதுவரை ஆண்கள் மட்டுமே தொட்ட பறையைத் தலித் பெண்களின் இடுப்பில் கட்டியது.

'விடுவதா, எடுப்பதா' என்ற விவாதம் அப்போது சூடாக நடந்தது. விட்டவர்களைத் தாழ்வு மனப்பான்மைக்காரர்கள் என்று எடுத்தவர்கள் சொன்னார்கள். எடுத்தவர்களுக்கு ஊர் அடி தெரியாது என்று விட்டவர்கள் சொன்னார்கள். இந்த இருமையே தவறு என்பது என் கட்சி. முதல் தலைமுறை 'மாட்டோம்' என்று சொல்லி உரிமையைச் சம்பாதித்தது. அந்த உரிமையை வைத்துத்தான் அடுத்த தலைமுறை 'விருப்பப்பட்டு அடிக்கிறோம்' என்று சொல்ல முடிந்தது. மறுக்க முடியாதவன் அடித்தால் அது ஊழியம். மறுக்க முடிந்தவன் அடித்தால்தான் கலை. இளையபெருமாள் இல்லாமல் கலைக்குழு இல்லை. கலைக்குழு இல்லாமல் கீழ்ப்பாக்கம் மைதானம் இல்லை.

5

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் தன் பெயரை அயோத்திதாசரின் 'சாதியற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்தது. இதைப் பாரம்பரியத்தை மீட்கும் குழுவாக மட்டும் வாசிப்பவர்கள் இந்தப் பெயரைத் தவறவிடுகிறார்கள். சாவு வீட்டுக் கானாவை மேடைக்குக் கொண்டுவந்தபோது, இட ஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சியையும் பாடினார்கள். இசைவாணி ஐயப்பனைப் பார்த்துப் பாடிய பாட்டுக்கு வந்த மிரட்டல்களே அது எங்கே பட்டது என்பதைச் சொல்லும்.

தொழில்நுட்பத்திலும் ஒரு செய்தி இருக்கிறது. மாட்டுத்தோல் பறை ஈரக்காற்றில் தளரும். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினால்தான் குரல் ஏறும், சுண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் தனித்தனியாகப் பேசும். கிடாரோ ஒரே சுதியில் நிற்கும். மேடையில் தீ மூட்ட முடியாது, ஆகவே இப்போது பலர் செயற்கைத் தோலுக்குப் போய்விட்டார்கள். 'அசல் போச்சே' என்று புலம்புகிற நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: தோல் உரித்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கவலை இல்லை.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் குழுவிலிருந்து அறியப்பட்ட அறிவு, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து எழுதிப் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளியாகி உலகம் சுற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அந்தப் பாட்டைக் குறிப்பிட்டுப் போட்ட அட்டையில் எழுதியவரின் முகம் இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு தனியாக ஓர் இணைய அட்டை போட்டார்கள். யார் தவறு என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. ஆதனூரிலிருந்து அட்டைப்படம் வரை ஒரு ஏற்பாடு எவ்வளவு இயல்பாக, யாருமே கெட்ட எண்ணம் கொள்ளாமலேகூட, இயங்குகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

இதை நமக்கும் திருப்பிக் கேட்க வேண்டும். நம் புத்தக வெளியீடுகளில், மாநாடுகளில், ஊர்வலத் தொடக்கங்களில் பறை முழங்குகிறது. அழைப்பிதழில் பேச்சாளர் பெயரெல்லாம் இருக்கிறது. கீழே 'பறையிசையுடன்' என்று ஒரு வார்த்தை. அடித்தவர்கள் மேடைக்குப் பின்னால் நின்று டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். கொள்கைக்காக வந்த தோழர்கள்தானே என்று கூலிப் பேச்சை எடுப்பதே இல்லை. நானும் அப்படி அழைத்திருக்கிறேன். வண்டிச் செலவுக்கு மேல் கொடுத்ததில்லை.

பெரியப்பா அந்தக் காட்சியை மறுபடி கேட்கவில்லை. அவர் கேட்ட மூன்று கேள்விகளை மட்டும் இப்போது அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன்னால் நான் கேட்டுக்கொள்கிறேன். யார் கூப்பிடுகிறோம்? கூலி எவ்வளவு? வரமாட்டேன் என்றால் விட்டுவிடுவோமா? மூன்றாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்தால், குழுவினரின் பெயர்களைப் பேச்சாளர்களுக்கு முன்னால் போடுங்கள். முடியாவிட்டால் பறை வேண்டாம், கூட்டத்தைச் சும்மா தொடங்குங்கள்.